ரைட்டர் சக்கரபாணி கட்டிய பிராது

காலாப்பட்டு சிறையில் கொலைக்காக ஆயுள் தண்டனை அனுபவிக்கும் சக்கரபாணியை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும். பதினேழு வருடமும் எனக்கு அவரைப் பிடிக்காது. நான் புதுச்சேரி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல், பெயர் ஹேமலதா. அவர் நகரத்துக் காவல் நிலையம் ஒன்றில் ரைட்டராக இருந்தார். ரைட்டர் என்றால் நிலையத்தில் எழுத வேண்டிய அத்தனையையும் எழுதுகிற தலைமைக் காவலர். புகார், மகஜர், ரிமாண்ட் அறிக்கை எல்லாம் அவர் கை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஒப்புதல் வாக்குமூலம்.

ஊசுட்டேரிக்கு அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம் அவருடையது. அப்பாவுக்கு இரண்டு காணி நிலம், நான்கு பிள்ளைகள். மூன்றாவது பிள்ளைக்குக் கையெழுத்து மட்டும் எங்கிருந்தோ வந்து வாய்த்தது. போலீஸில் சேர்ந்த நான்காம் வருடமே ஓர் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, வெயிலில் நின்று போக்குவரத்தைச் சரிசெய்து கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார். அதன்பின் இருபத்தாறு வருடம் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூலக்குளத்தில் மாடி வீடு கட்டினார், நிர்மலாதேவியைக் கட்டினார், ஒரு பெண்ணை நர்சிங் படிக்க வைத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதுவார். கோடு போடுவதற்கு உருட்டையான ஒரு ரூல்தடி வைத்திருப்பார். ஸ்கேலில் கோடு போட்டால் மை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

அவர் எழுதிய ஒப்புதல் வாக்குமூலங்களில் எண்பதையாவது நான் படித்திருப்பேன். ஒன்றைப் படித்தால் எல்லாம் படித்த மாதிரி. "நான் மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு மது அருந்தும் பழக்கம் உண்டு" என்று ஆரம்பிக்கும். "என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி, எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்று வரும். "இதுவே நான் மனப்பூர்வமாகவும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் கொடுத்த வாக்குமூலம். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று முடியும். மூன்றாம் வகுப்பு தாண்டாதவனும் மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பான். ஒருமுறை கூண்டில் வைத்துக் கேட்டேன்: "உங்கள் நிலையத்துக்கு வருகிற எல்லாரும் ஒரே தமிழில்தான் குற்றம் செய்வார்களா?" நீதிபதியே சிரித்துவிட்டார். சக்கரபாணி மட்டும் முகம் மாறாமல், "அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்" என்றார்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். போலீஸ்காரரிடம் ஒருவன் "நான்தான் கொன்றேன்" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் நீதிமன்றத்தில் அது செல்லாது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். தன் போலீஸைத் தானே நம்பவில்லை அவன். பிரெஞ்சுக்காரன் போன பிறகு அந்தச் சட்டம் புதுச்சேரிக்கும் வந்தது. ஆனால் அதில் ஒரு சந்து விட்டிருக்கிறான். அந்த வாக்குமூலத்தால் ஒரு கத்தியோ சங்கிலியோ கிடைத்தால், அதைப் பற்றிய வரி மட்டும் செல்லும். "என்னை அழைத்துச் சென்றால்" என்கிற அந்த ஒற்றை வரி. அந்த வரிக்காகத்தான் இந்த நாட்டில் இத்தனை பேர் உள்ளங்காலில் லத்தியடி வாங்குகிறார்கள். கத்தியைப் போலீஸே புதைத்து வைத்து, போலீஸே கூட்டிப் போய், அவனையே தோண்டச் சொல்லும். பக்கத்தில் நின்று பார்த்ததாக ஒரு சாட்சி கையெழுத்துப் போடுவார்.

அந்த நிலையத்துக்கு நிரந்தர சாட்சி கன்னியப்பன். முதலியார்பேட்டை மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடியபின் நிலையத்துக்கு எதிரே டீக்கடை போட்டார். ரைட்டர் கூப்பிட்டால் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பாலைக் கிளறுவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. படித்தால் கடை இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

சக்கரபாணிக்கு ஒரு பெருமை உண்டு. "நான் இதுவரைக்கும் ஒருத்தன் மேலயும் கைய வச்சதில்ல" என்பார். உண்மைதான். பக்கத்து அறையில் அலறல் கேட்கும்போது இவர் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அடித்தவர்களை விட எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்காமல் போனது. அடிக்கிறவனுக்காவது வேர்க்கும்.

நான்கு வருடத்துக்கு முன் பங்குனியில் நெல்லித்தோப்பு மார்க்கெட் அருகே காலை ஏழு மணிக்கு ஒரு ரவுடியை வெட்டினார்கள். முதலில் நாட்டு வெடிகுண்டு வீசினார்கள். புகையில் அவன் விழுந்து எழுந்து ஓட, இரண்டு பைக்கில் ஹெல்மெட் போட்டு வந்த நான்கு பேர் துரத்தி, தேங்காய்க் கடை வாசலில் வைத்து முகம் தெரியாத அளவுக்கு வெட்டிப் போட்டார்கள். மூன்று பேர் மறுநாளே வேறு ஊர் நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள். நான்காவது ஆள் யார் என்று தெரியவில்லை. மேலே இருந்து நெருக்கடி. செத்தவனோடு முந்தின வாரம் பைக் நிறுத்துகிற தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டவன் என்று ஒரு பையன் பெயர் கிடைத்தது. விக்ரம், இருபத்திரண்டு வயது, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் அம்மா சின்னப்பாப்பா அதே மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு ஆய்ந்து கொடுக்கிறவர். வெள்ளிக்கிழமை அவர் கண்ணெதிரேயே பையனை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மீன் செதில் ஒட்டிய கையோடு அவர் ஜீப்பின் பின்னால் ஓடினார்.

கைது என்று எந்த நோட்டிலும் எழுதவில்லை. எழுதினால் இருபத்துநான்கு மணி நேரத்தில் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவைக் கூப்பிட்டு, உன் மகன் நிலையத்துக் கழிவறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து செத்துவிட்டான் என்றார்கள். நம் காவல் நிலையக் கழிவறைகள் அவ்வளவு வழுக்கும். உள்ளே போனவன் கை உடையும், கால் உடையும், போலீஸ்காரர் ஒருவரும் இதுவரை வழுக்கி விழுந்ததில்லை.

சின்னப்பாப்பா பிணத்தை வாங்க மாட்டேன் என்றார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. வலது கையில் மூன்று விரல் உடைவு, இரண்டு உள்ளங்காலும் பிய்ந்திருக்கிறது, சாவுக்குக் காரணம் பின்மண்டையில் உருட்டையான மரப்பொருளால் விழுந்த இரண்டு அடி. கழிவறைக் கதை நாறிப் போனது. ஒருவரைக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தப்பலாம் என்கிற நிலைமை வந்தது. அந்த நிலையத்து எஸ்.ஐ. ராஜாவுக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். அருள்முருகனுக்கு யாரும் இல்லை.

அருள்முருகன் இரண்டு வருட சர்வீஸ் ஆன காவலர். கல்யாணமாகி எட்டு மாதம், மனைவி பூர்ணிமா முழுகாமல் இருந்தாள். அன்று அவன் அந்த அறையில் இருந்தான், விக்ரமின் கால்களைப் பிடித்துக்கொண்டான், அதை அவன் மறுக்கவே இல்லை. விசாரிக்க வந்த குழு அவனை அதே அறையில், அதே பெஞ்சில் குப்புறப் போட்டது. கூட வேலை பார்த்தவர்களே லத்தி எடுத்தார்கள். உள்ளங்காலில் எத்தனை அடி விழுந்தால் தோல் கிழியும் என்று பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் பார்த்திருக்கிறான். இப்போது அவன் காலிலேயே அது தெரிந்தது. பதினோரு மணி நேரம் தாங்கினான். பூர்ணிமாவையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

எழுத ஆள் வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ரைட்டர் சக்கரபாணியை உட்கார வைத்தார்கள். அவர் எழுதினார். "என்னை அழைத்துச் சென்றால் மேற்படி விக்ரமைத் தாக்கப் பயன்படுத்திய லத்தியை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்." லத்தி அருள்முருகன் வீட்டுப் பரணில் கிடைத்தது. கன்னியப்பன் கையெழுத்துப் போட்டார்.

பூர்ணிமா வயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சிறையில் அருள்முருகனைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். "அக்கா, நான் கால புடிச்சேன். அது தப்புதான். ஆனா மண்டையில அடிச்சது ரைட்டர் சார்" என்றான். நான் நம்பவில்லை. என் கட்சிக்காரனை நானே நம்பவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டவன் எவனும் பக்கத்தில் இருப்பவனைத்தான் கை காட்டுவான். அதுவும் யாரை? கோடு போடத் தவிர எதற்கும் கையைத் தூக்காத மனிதரை. "வேற பேர் சொல்லுப்பா, ஜட்ஜ் நம்புற மாதிரி" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறு வருடம் வழக்கு விசாரணைக்கு வந்தது. நேரில் பார்த்த சாட்சி என்று போலீஸ் போட்டிருந்த பெயர் சக்கரபாணி. அருள்முருகன் அடித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். சொன்னால் அருள்முருகனுக்கு ஆயுள் நிச்சயம். பிறந்திருந்த பெண் குழந்தை அப்பாவைக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்து வளரும்.

சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து சக்கரபாணி சரியாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நிர்மலாதேவி நல்ல மனுஷி, வெள்ளந்தி. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "ஊர்ல நம்ம முனியப்பனுக்கு ஒரு பிராது கட்டிட்டு வாங்க" என்றாள்.

ஊசுட்டேரிக் கரையைத் தாண்டி வயல் நடுவே நிற்கும் அந்த முனியப்பனிடம், ஏமாந்தவர்களும் அடிபட்டவர்களும் வெள்ளைத் தாளில் பிராது எழுதிக் கொண்டு போவார்கள். பூசாரி அதைச் சாமி எதிரே நின்று உரக்கப் படிப்பார். பிறகு மஞ்சள் துணியில் முடிந்து வேலில் கட்டுவார். தொண்ணூறு நாளில் முனியப்பன் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கை. தொண்ணூறாம் நாள் கட்டினவரே வந்து, அநியாயம் யாருக்கு நடந்ததோ அவர் எதிரே பிராதை அவிழ்த்துப் படிக்க வேண்டும். வேறு யாரும் முடிச்சைத் தொடக் கூடாது. ஒரே விவகாரத்துக்கு இரண்டு பிராது கட்டக் கூடாது. இவ்வளவுதான் அந்தக் கோர்ட்டின் சட்டம். வக்கீல் கிடையாது என்பதால் சீக்கிரம் முடிகிறது.

சக்கரபாணி ஒரு காலை நேரத்தில் தனியாகப் போய்க் கட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கொஞ்சம் சாப்பிட்டார். நிர்மலாதேவிக்கு அது போதுமாக இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, மூலக்குளம் ரேஷன் கடையில் கைக்குழந்தையோடு நின்ற பூர்ணிமாவைப் பார்த்திருக்கிறாள். தன் புருஷன் சொல்லப் போகிற சாட்சியில்தான் இந்தப் பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. "எங்க முனியப்பனுக்குப் போய் ஒரு பிராது கட்டும்மா. உம் புருஷன் தப்பு செய்யலன்னா அவரு விட்டுடுவாரா? எங்க வீட்டுக்காரருக்கே கட்டுன பொறவுதான் சோறு எறங்குது" என்று வழி சொல்லி அனுப்பினாள்.

பூர்ணிமா ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பூசாரி கொளஞ்சி, வயலிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு வந்து வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார்.

"இது அந்த நெல்லித்தோப்புப் பையன் செத்த கேசா?"

"ஆமாங்க."

"கட்ட முடியாதும்மா. இந்த வழக்கு ஏற்கெனவே ஐயா கிட்ட இருக்குது. போன மாசம் ஒருத்தரு கட்டிட்டாரு. ரெண்டாவது கட்டுனா ஐயாவுக்குக் கோவம் வரும்."

"யாருங்க கட்டுனது?"

"சக்கரபாணி ரைட்டரு. நாலு பக்கம். படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டு போச்சு."

"யாரு மேல கட்டுனாரு?"

"அவரு மேலயே. முப்பது வருசமா படிக்கறேன், தன் மேலயே பிராது கட்டுன ஆள நான் பார்த்ததில்ல."

பூர்ணிமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறி நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள். அரை மணி நேரத்தில் நான் அந்தக் கோயிலில் இருந்தேன். மஞ்சள் முடிச்சு தலைக்கு மேலே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கியது. கொளஞ்சி குறுக்கே வந்து நின்றார். அவர் என்னை விட ஒரு முழம் உயரம், கையில் களைக்கொத்து வேறு. நான் கோர்ட், சம்மன், சாட்சியத்தை மறைத்த குற்றம் என்று என்னென்னவோ கத்தினேன்.

"சம்மன அனுப்புங்கம்மா. ஐயா பேருக்கு அனுப்புங்க" என்றார்.

"அப்ப நீங்க ஏன் பூர்ணிமா கிட்ட சொன்னீங்க? ஒருத்தர் சாமி கிட்ட சொன்னத வெளிய சொல்லலாமா?"

"ரகசியமா சொல்றதுன்னா வீட்லயே மனசுக்குள்ள சொல்லிக்கலாமே. இங்க ஏன் வரணும்? ஊருக்குக் கேக்கணும்னுதான் உரக்கப் படிக்கறது."

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். கிறிஸ்தவப் பிள்ளைகள் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள், நாங்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்போம். சாமியாரிடம் சொன்னது சாமியாரோடு செத்துவிடும், தூக்கில் போட்டாலும் அவர் வாய் திறக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு சௌகரியம். அழுதுவிட்டு எழுந்து, புதுச் சட்டை போட்ட மாதிரி வீட்டுக்குப் போகலாம். பிறகு சட்டம் படித்தேன். இங்கே ஒப்புக்கொண்டால் மன்னிப்புக் கிடையாது, கம்பிதான். அதனால் எவனும் தானாக ஒப்புக்கொள்வதில்லை, அடித்துத்தான் வாங்குகிறார்கள். முனியப்பன் இரண்டிலும் சேரவில்லை. மன்னிக்கவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார், வேலில் கட்டித் தொங்க விட்டுவிடுவார். அன்று அந்த வயல் வெயிலில் நின்றபோது எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. தொண்ணூறு நாள் முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது, சக்கரபாணி கூண்டில் ஏற எட்டு நாள்தான் இருந்தது.

எட்டாம் நாள் ஏறினார். சலவை செய்த காக்கி, பளபளக்கும் பூட்ஸ். அரசு வக்கீல் கேட்கக் கேட்க, அருள்முருகன் லத்தியால் அடித்ததைப் பார்த்தேன் என்று எழுதி வைத்ததைப் படிப்பவர் போலச் சொன்னார். பின் வரிசையில் எஸ்.ஐ. ராஜா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின வரிசையில் சின்னப்பாப்பா. அவர் ஒரு வாய்தாவும் தவறவிட்டதில்லை.

என் முறை வந்தது. வேறு எதையும் கேட்கவில்லை.

"ஊசுட்டேரி முனியப்பன் கோயில் வேலில் உங்கள் பிராது கட்டியிருக்கிறதா?"

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். நான் சம்பந்தத்தைச் சொன்னேன். நீதிபதி கேள்வியை அனுமதித்துவிட்டு சக்கரபாணியைப் பார்த்துச் சொன்னார்: "கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் இங்கே கட்டாயத்தின் பேரில் நீங்கள் சொல்லும் பதிலை வைத்து உங்கள் மேல் வழக்கு நடத்த முடியாது. புரிகிறதா?"

அவருக்குப் புரியாமல் இருக்குமா? சட்டம் அவருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் அருள்முருகன் தப்பிப்பான், அவரும் தப்பிப்பார். பிறகு கோயிலுக்குப் போய் அந்தத் தாளை அவிழ்த்துக் கொளுத்திவிட்டால் தீர்ந்தது. யாராவது எனக்கு அப்படி ஒரு வழி காட்டினால் நானே நடந்திருப்பேன்.

கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கட்டியிருக்கேன். என் மேலதான் கட்டியிருக்கேன். விக்ரம அடிச்சது நான். அருள்முருகன் கால புடிச்சுக்கிட்டு இருந்தான்" என்றார். அப்படியே சொன்னார். ராஜா எழுந்து வெளியே போனார். சின்னப்பாப்பா எழுந்திருக்கவில்லை, வாயை முந்தானையால் அழுத்திக்கொண்டார்.

அருள்முருகன் கொலை வழக்கிலிருந்து விடுதலையானான். காலைப் பிடித்ததற்கு, ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாக எழுதினார்கள். வேலை போனது, நியாயம்தான். ராஜா மேல் தனி வழக்கு இன்னமும் நடக்கிறது. சக்கரபாணியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். வேறெதுவும் செய்யச் சட்டத்தில் வழியில்லை.

கூண்டில் சொன்ன மூன்றாம் நாள் காலை, பால் வாங்கிக்கொண்டு வந்தவரை வில்லியனூர் சாலையில் வைத்து அடித்தார்கள். ஹெல்மெட் போட்ட நான்கு பேர், கையில் இரும்புக் குழாய். பணம் கேட்கவில்லை, பேசவும் இல்லை. கீழே தள்ளி, ஒருவன் வலது கையை நீட்டிப் பிடிக்க, இன்னொருவன் மணிக்கட்டின் மேல் குழாயை மூன்று முறை இறக்கினான். எலும்பு தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. போகும்போது, "கோயில்ல இருக்கறது வெளிய வந்தா அடுத்தது தலை" என்று மட்டும் சொன்னார்கள். எதிரே டிபன் கடையில் இருபது பேர் நின்றார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. அவர் யார் பெயரையும் புகாரில் சொல்லவில்லை.

அவர் பிராதைக் கொளுத்திவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். கொளுத்தினால் விக்ரமைக் கொன்றவன் என்று சட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு மிச்சம் ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஆனால் அந்தத் தாள் என் கைக்கு வந்தால் கதை வேறு. அது போலீஸ் அதிகாரியிடம் சொன்னதல்ல, யாரும் அடித்து வாங்கியதல்ல, கட்டாயத்தில் சொன்ன சாட்சியமும் அல்ல. ஒரு மனிதன் தானாக எழுதி, சாமியிடமும் பூசாரியிடமும் கொடுத்தது. அது செல்லும். தொண்ணூறாம் நாள் சின்னப்பாப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய் உட்கார்ந்தேன். கொளுத்தப் பார்த்தால் பிடுங்கிவிடுவது என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக இருந்தேன்.

பதினொரு மணிக்குத் தனியாக வந்தார். கழுத்திலிருந்து தொட்டில் கட்டி, கை மாவுக்கட்டில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றார், பிறகு வந்தார். இடது கையால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். கொளஞ்சி தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"படிங்க. அந்தம்மாவப் பாத்துப் படிங்க" என்றார்.

நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. "நான் மேற்படி விலாசத்தில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன்" என்றுதான் ஆரம்பித்தது. சாமிக்கு எழுதினாலும் அவருக்கு அந்த ஒரு தமிழ்தான் தெரியும். வெள்ளிக்கிழமை முதல் விக்ரமை யார் யார் எதனால் அடித்தார்கள், விரல்களை எப்படி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி எங்கிருந்து வந்தது என்பது வரை இருந்தது. "மேற்படி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சென்றபோது, மேற்படி விக்ரமின் மூக்கிலிருந்து ரத்தம் சிந்தி நான்கு பக்கங்களும் கெட்டுவிட்டபடியால் நான் ஆத்திரமடைந்து, கையில் இருந்த ரூல்தடியால் அவரது பின்மண்டையில் இரண்டு முறை அடித்தேன்." ரூல்தடியை எங்கே போட்டார் என்பதும், "என்னை அழைத்துச் சென்றால்" என்பதும் இருந்தது. "யாருடைய தூண்டுதலும் இன்றி" என்று முடிந்து, கீழே தேதி, கையெழுத்து. சாட்சி இல்லாமல் வாக்குமூலம் நிற்காது என்கிற பழக்கத்தில் கன்னியப்பனிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். இதையும் அவர் படிக்காமல்தான் போட்டிருக்கிறார். பிற்பாடு நான் சொன்னபோது கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டார்.

படித்து முடித்ததும் கொளஞ்சி தாளைச் சின்னப்பாப்பாவிடம் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சக்கரபாணி தடுக்கவில்லை. பின்னால் அந்தத் தாளின் பேரில்தான் அவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. அன்று, வழக்கு முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன். சந்தோஷமாகத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

சின்னப்பாப்பா எழுந்திருக்கவில்லை.

"இதுல எம் புள்ள பேசுனது ஒண்ணுமே இல்லியே" என்றார். "கடைசியா இன்னா சொன்னான்?"

சக்கரபாணி தரையைப் பார்த்தார்.

"கேக்குறேன் இல்ல? ஒண்ணும் சொல்லாமயா செத்தான்?"

"அத எழுதலம்மா."

"சொல்லு."

இருபத்தாறு வருடம் அடுத்தவன் சொன்னதாக எழுதிய மனிதர், ஒருவன் உண்மையிலேயே சொன்னதைச் சொல்ல முடியாமல் நின்றார்.

"பேப்பர்ல ரத்தம் பட்டதும் அவனே பயந்துட்டான். 'சார், தெரியாம பட்டுடுச்சு சார், மன்னிச்சிடுங்க சார்'னு சொன்னான். சட்டையக் கழட்டித் தொடைக்கப் பாத்தான். எழுத்தெல்லாம் இன்னும் கலங்கிப் போச்சு."

"மன்னிப்புக் கேட்டானா?"

"கேட்டான்."

"அதுக்கு அப்பறமுமா அடிச்ச?"

"அதுக்கு அப்பறம்தாம்மா அடிச்சேன்."

சின்னப்பாப்பா எழுந்து அவரை அடித்தார். மீன் ஆய்ந்து காய்த்துப்போன கை. கன்னத்தில், வாயில், நெஞ்சில், மாவுக்கட்டின் மேல். சக்கரபாணி ஒரு அடியையும் தடுக்கவில்லை. மாவுக்கட்டு உடைந்து தொங்கியது, வாயிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்தது, மண்டி போட்டு விழுந்தவரை அந்தம்மா விடவில்லை. "அய்யோ, செத்துடப் போறாரும்மா" என்று கொளஞ்சி களைக்கொத்தைப் போட்டுவிட்டுத் தடுக்க ஓடினார். அத்தனை வருடமாக அடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்திய நான், கொளஞ்சியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அந்த அம்மாவின் கை ஓயும்வரை அவரை நான் விடவில்லை.